நடந்துவிடக் கூடாத கதைகள்

பன்னிரண்டரை மணி அடித்ததும் பிரிஸ்கில்லா பதிவேட்டை மூடி ஓரமாக வைக்கிறாள். வெள்ளிக்கிழமை. காப்பி பறிக்கிற பெண்கள் தூக்குப்போசியோடு சில்வர் ஓக் நிழலுக்குப் போகிறார்கள். புளிச்சோற்று வாசனை ஜன்னல் வழியாக ஆபீசுக்குள் வருகிறது. அவள் ஃபிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றிக் குடிக்கிறாள். ஸ்வெட்டர் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொள்கிறாள். டிராயரின் அடியிலிருந்து பழைய வருகைத்தாள்களை எடுத்து, எழுதாத பக்கத்தைத் திருப்பிப் போடுகிறாள். இருப்பது ஒரு மணி நேரம். அதற்குள் ஓர் அரசாங்கம் கவிழ வேண்டும்.

சேலத்து மலைமேல், மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பத்தொன்பது வருடமாக அவள் ரைட்டர். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதுவது உத்தியோகம். நாவலும் எழுதுவாள் என்று தெரிந்தவர்கள் விசாரித்தால், "ரெண்டு எடத்துலயும் ரைட்டருதானுங்க. இங்க வந்தவங்கள எழுதறேன், அங்க காணாமப் போனவங்கள எழுதறேன்" என்பாள்.

காதல் கதை அவளுக்கு வராது. குடும்பக் கதையை இரண்டு முறை ஆரம்பித்துப் பார்த்தாள். மூன்றாம் பக்கத்திலேயே ஊரடங்கு வந்துவிட்டது. நாடு கெட்டுப்போவதுதான் அவளுக்குக் கைவந்த விஷயம். செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரியில் ஓர் அரசாணையைப் படித்தால் போதும், அது எந்த வீட்டுக் கதவை வந்து தட்டும் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவாள். அடுப்பில் பால் பொங்கி வழியும்.

வெள்ளிக்கிழமை உபவாசம் மிஷன் ஹாஸ்டலில் படித்த காலத்துப் பழக்கம். எழுத்தோடு அது எப்படிச் சேர்ந்தது என்று கேட்டால் சொல்வாள்: "வகுறு நெறஞ்சிருந்தா எல்லாம் சரியாப் போயிரும்னு தோணிருதுங்க. பசிச்சாத்தான் பயம் தெளிவாத் தெரியுது."

அப்படிப் பசித்திருந்து அவள் எழுதிய முதல் நாவல் 2017இல் வந்தது. சேலத்தில் ஒரு சின்ன அச்சகம் முந்நூறு பிரதி போட்டுக் கொடுத்தது. கதையில் ஓர் அரசாங்கம் மலையை அடைத்துவிடுகிறது. கீழே இறங்க வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு தடுப்பு. நெஞ்சுவலி வந்த ஒருவன் ஏழாவது வளைவில், சீட்டு வருவதற்குள் ஜீப்பிலேயே இறந்துபோகிறான்.

அதை முதலில் கேட்டவள் வெள்ளையம்மாள். வாழவந்திக்காரி, காப்பி பறிக்கிறவள், பிரிஸ்கில்லாவைவிட நாலு வயது மூத்தவள். எழுத்துக் கூட்டத் தெரியாது, கேட்கத் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் சோற்றை அவசரமாக உண்டுவிட்டு வந்து, ஆபீஸ் மூலையில் சாக்கை மடித்துப் போட்டு உட்காருவாள். அந்த நெஞ்சுவலிக்காரன் செத்த அன்று முந்தானையில் மூக்கைச் சிந்தி, "பாவத்தப் பாருங்க ரைட்டரம்மா, இன்னும் ரெண்டு வளைவு தாட்டி உட்டிருக்கலாமுங்க" என்று கெஞ்சினாள். பிரிஸ்கில்லா சிரித்தாள். தாட்டிவிடவில்லை.

மூன்று வருடம் கழித்து நோய் வந்தது, ஊரடங்கு வந்தது, போனில் பாஸ் வாங்கினால்தான் மலை இறங்கலாம் என்று ஆயிற்று. நாவலைப் படிக்காதவர்கள்கூட பிரிஸ்கில்லாவைத் தீர்க்கதரிசி என்றார்கள். டீக்கடை மனுவேல், "ஏனுங்க, அடுத்தாப்ல யாரு ஆட்சிக்கு வருவாங்க?" என்று வழிமறித்துக் கேட்டார். "நான் தீர்க்கதரிசி இல்லீங்க, பயந்தாங்கொள்ளி. பயந்தத எழுதி வெச்சேன், அவ்வளவுதான்" என்றாள். அடக்கமாகப் பேசுவதாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஆனி மாதம் வெள்ளையம்மாளின் கணவர் மாதேஸ்வரனுக்கு நெஞ்சு வலித்தது. ஜீப் கிடைத்தது. மழையில் போனுக்கு டவர் கிடைக்கவில்லை. பாஸ் வந்தபோது அவர் இல்லை.

காரியம் முடிந்த பிறகு வெள்ளையம்மாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "அத எழுதாம உட்டிருக்கக் கூடாதுங்களா?" என்று மட்டும் கேட்டாள். மறு வாரம் கரடியூர்ப் பக்கம் வேறு எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு பிரிஸ்கில்லாவின் உபவாசத்துக்கு அர்த்தம் மாறிவிட்டது. முன்பு எழுதுவதற்காகப் பசித்திருந்தாள். இப்போது எழுதியது நடந்துவிடக் கூடாதே என்று பசித்திருக்கிறாள். கதையில் தண்டவாளம் தகர்ந்தால் ஒரு வெள்ளி உபவாசம், தேர்தல் நின்றுபோனால் இரண்டு வெள்ளி. தெரிந்த ஊர், தெரிந்த பெயர் எதையும் கதையில் சேர்ப்பதில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் மெல்லிய குரலில் வாசித்துப் பார்ப்பாள். அப்போது கண் தானாக மூலைக்குப் போகும். கரடியூர் ஜீப் எஸ்டேட் கேட்டில் வந்து நின்றால், பேனா நடு வார்த்தையில் நிற்கும். இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு மீதி வார்த்தையை எழுதுவாள்.

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அந்த ஜீப்பிலிருந்து வெள்ளையம்மாளே இறங்கினாள். தலை பாதி நரைத்திருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

பிரிஸ்கில்லா எழுந்தாள். இத்தனை வருடம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததுதான் வாயில் முதலில் வந்தது. "நான் எழுதுனதாலதான் அண்ணனுக்கு அப்படி ஆச்சாக்கா?"

"இல்லீங்க. அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க." வெள்ளையம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "யாரையாச்சும் வையோணும்னு இருந்துச்சு. சாமிய வைய நாக்கு வரல. உங்களை வஞ்சுட்டேன்."

அவளுடைய மகன் பிரபாகர் அப்பா இறந்ததும் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு திருப்பூர் போனவன். அந்தத் தையோடு மூன்று வருடமாக ஒரு போன்கூட இல்லையாம். "எம்பையன் ஊடு வந்து சேந்தான்னு நாலு வரி எழுதுங்க" என்றாள்.

"அக்கா, எனக்கு நல்லது எழுத வராதுங்க. எழுதுனா நடக்கும்னும் இல்லீங்க."

"நடக்காட்டிப் போகுதுங்க. நொம்ப நாளாக் காது காத்துக் கெடக்குது. கேட்டுட்டுப் போறேன்."

பிரிஸ்கில்லா புதுத்தாள் ஒன்றை எடுத்தாள். பட்டாளத்தைத் தெருவில் இறக்க ஒரு நிமிடம்கூட யோசிக்காத கை, ஒரு பையனை வீட்டுக்குக் கூட்டி வர வெகுநேரம் எடுத்துக்கொண்டது. வெளியே பெண்கள் போசி கழுவும் சத்தம் கேட்டது. ஒருவழியாக எழுதி முடித்து வாசித்தாள்: "வெயில் சாய்வதற்கு முன் பிரபாகர் வாழவந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினான். தோளில் பை இருந்தது. மெலிந்திருந்தான். அம்மா வாசலில் நின்றிருந்தாள்."

வெள்ளையம்மாள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"வாசல்ல வேண்டாமுங்க. அத்தன நேரம் என்னால நிக்க முடியாது. ரோட்டுக்கே போயிர்றேன்."

பிரிஸ்கில்லா 'வாசலில்' என்பதை அடித்துவிட்டு, மேலே சின்னதாக, 'ரோட்டில்' என்று எழுதினாள்.