சோற்றால் ஒட்டிய பக்கங்கள்

ஓரிடத்தில் பத்து நிமிடம் இருக்கச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் கால் ஆடத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட என்னை, ஒன்பது வயதில், ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணித்தியாலம் ஒரு கதிரையில் இருத்தி வைத்தார் அம்மா. கடல் கடந்து வந்து நாங்கள் குடியேறிய டோர்செட் பார்க்கில், எங்கள் மாடிக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வாசிப்பு வட்டம் நடந்தது. பழைய ஆங்கில நாவல் ஒன்றை ஒருவர் மாறி ஒருவர் உரக்க வாசிப்பார்கள். ஒரு பக்கம் முடிந்ததும், வாசித்தவர் மனதில் பட்டதைப் பேசவேண்டும். எவரும் குறுக்கிடக்கூடாது. அதுதான் அங்கே சட்டம்.

அம்மா ஆங்கிலம் பழகப் போனார். நான் போனது, தாயோடு அங்கே வரும் பதினோராம் மாடிச் சிநேகிதிக்காக. அவளும் தாயும் ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த ரோமா இனத்தவர்கள். ஜிப்சி என்று உலகம் இளக்காரமாகச் சொல்வது அவர்களைத்தான். அங்கே அவர்களுடைய வீட்டுக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். லிஃப்டில் ஏறி இறங்கி விளையாடும்போது சிநேகிதி இதை எனக்குச் சொல்லிவிட்டாள். ஆனால் தாயோ இதைப்பற்றி வாயே திறக்கமாட்டார். அவர்களுடைய வழக்கை நடத்தும் லோயர் கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிடுவாராம். அகதி விசாரணைக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. அங்கேயும் பேசாவிட்டால் இருவரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கட்டடம் முழுவதிலும் எனக்கென்று இருந்த ஒரே ஒருத்தி அவள்.

வட்டத்துக்காக லைப்ரரியில் எடுத்த அந்த நாவலின் எட்டுப் பிரதிகளும் எங்கள் வீட்டில்தான் இருக்கும். தன் முறை வரும்போது திக்கிவிடுவோமோ என்ற பயத்தில் அம்மா அகராதியை வைத்துக்கொண்டு முன்கூட்டியே வாசித்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை வாசித்துக்கொண்டிருந்தவர், “ஐயோ கடவுளே” என்று வாயைப் பொத்தினார். அடுத்த அத்தியாயத்தில் ஒரு ஜிப்சிக் கூட்டம் வருகிறது. குதிரையைக் களவெடுக்கிறது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது.

“உந்தப் பக்கத்தை அந்தப் பதினோராம் மாடி மனிசி எப்பிடியடி வாசிக்கும்? அதுவும் எல்லாருக்கும் முன்னாலை!”

வட்டத்தை நடத்தும் பெண்மணியிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அம்மாவா சொல்வார்? சொன்னால் அது கதையாகிவிடும். எங்கள் சனத்துக்குத் தெரிந்த பெரிய மரியாதை, கண்டும் காணாததுபோல் மூடிவிடுவதுதான். அம்மாவுக்குப் பசை என்றால் சோறு. ஊருக்கு அனுப்பும் கடித உறையைக்கூட அதனால்தான் ஒட்டுவார். மத்தியானச் சோற்றைக் குழைத்து, எட்டுப் புத்தகங்களிலும் ஜிப்சிகள் வரும் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் சேர்த்து ஒட்டினோம். அவர் தடவினார், நான் அழுத்தி நசித்தேன்.

“லைப்ரரிப் புத்தகமல்லோ அம்மா.”

“பேசாமல் நசி.”

அடுத்த நாள் பார்த்து, அந்த இடத்தை வாசிக்கும் முறை சிநேகிதியின் தாய்க்கே வந்து தொலைத்தது. அவர் தாளைப் புரட்டினார். கதை நடுவில் அறுந்தது. தாளைத் தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தார், நகத்தால் கிளறினார். காய்ந்த பருக்கை ஒன்று மடியில் விழுந்தது. புத்தகங்கள் யார் வீட்டில் இருந்தவை என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாக் கண்ணும் அம்மாவின் மேல். எங்கள் மானம் கப்பலேறியது.

சிநேகிதியின் தாய் தாளைப் பிரித்தார். ஓரம் கொஞ்சம் கிழிந்தது. எழுத்துக்கூட்டி, களவையும் குழந்தை கடத்தலையும் கடைசி வரிவரை வாசித்தார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, உடைந்த ஆங்கிலத்தில், “இதை எனக்கு ஏன் மறைக்கிறீர்கள்? சின்ன வயதிலிருந்தே என் முகத்துக்கு நேரே சொன்னதுதானே,” என்றார். குரலில் நல்ல கோபம் இருந்தது. நடத்தும் பெண்மணி பதறிப்போய், தேநீர் குடிப்போமா என்று எழும்பினார்.

“இல்லை. நான் ஒரு பக்கம் வாசித்தேன். இப்போது நான் பேசவேண்டும்.”

பேசினார். இந்தக் கதையில் தங்கள் சனத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே என்று தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் தன்னைத் தனி அறையில் இருத்தியதைச் சொன்னார். வீட்டுக்கு நெருப்பு வைத்தது யார், கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றது யார், மகளை எந்த ஜன்னலால் இறக்கினார் என்பதையெல்லாம் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. நான்கூட அசையவில்லை என்றால் பாருங்களேன்.

விசாரணையிலும் அதையே விடாமல் சொன்னாராம். இருக்க அனுமதி கிடைத்தது. நான் பதினோரு மாடிப் படிக்கட்டிலும் கத்திக்கொண்டு ஓடினேன்.

அதன் பிறகுதான் அம்மாவின் போக்கு எனக்குப் பிடிபடவில்லை. அப்பா வேலைக்குப் போனதும் பதினோராம் மாடிக்கு ஏறிவிடுவார். என்னையும் சிநேகிதியையும் வெளியே துரத்திவிட்டு, தாய்மார் இருவரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். திரும்பி வரும்போது அம்மாவின் கண் வீங்கியிருக்கும். சிநேகிதியின் தாயான அந்த அன்ரி இன்னும் கோபம் ஆறாமல் ஏசுகிறார் என்று நினைத்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கதவைப் படபடவென்று தட்டித் திறக்கவைத்து, “அம்மா ஸொறி சொல்லிவிட்டார்தானே, இன்னும் ஏன் அழவைக்கிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் அன்ரியோடு சண்டைக்குப் போனேன். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, என் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்துவிட்டார். பிறகு அவர் மேலே போனது குறைவு. நானும் வென்றுவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

எங்களுடைய அகதி விசாரணையில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னவர் அப்பா. அம்மா பக்கத்தில் இருந்து தலையாட்டினார், அவ்வளவுதான். ஊரில் இராணுவச் சோதனைச் சாவடியில் அம்மாவை ஒன்றரை நாள் மறித்து வைத்திருந்தது அப்பாவுக்கே தெரியாது. இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்குத் தெரியவந்தது, அதுவும் அரைகுறையாக. அதை அம்மா வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் கதவைத் தட்டியிருக்கிறேன்.