யாஸ்த் கதவின் வளையம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய் என்றால் பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஆள்தான் நானும். ஆனால் போன யூன் மாதம் எனக்கு நடந்ததை, நடக்கவில்லை என்று சொல்ல என்னால் முடியாது.

என் பெயர் நொயல். ஊர் மன்னார், ஆஸ்திரேலியாவில் மெல்பனில் எலக்ட்ரீசியன். ஈரானில் உள்ள யாஸ்த் என்ற பழைய நகரத்தைப் பற்றி இங்கே டண்டினொங் பகுதி மண்டபம் ஒன்றில் கண்காட்சி வைத்தார்கள். விளக்குப் பூட்டுகிற வேலை எனக்கு. சுவரெல்லாம் படங்கள். மண் வீடுகள், காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் கோபுரங்கள், பல நூற்றாண்டாக அணையாத நெருப்புள்ள கோயில், இறந்தவர்களைக் கழுகுகளுக்கு வைத்த மலை. மண்டபத்தின் நடுவில் நிலையோடு ஒரு பழைய மரக் கதவு. அதற்குப் பின்னால் வெறும் தரைதான்.

"இது எங்கள் பரம்பரை வீட்டுக் கதவு" என்றார் கண்காட்சியை நடத்திய மெஹ்ரி. அறுபது வயதிருக்கும். ஆங்கிலத்தில்தான் பேசினோம். "ஒரு பக்கம் இரும்புத் தண்டு, மறுபக்கம் வளையம். ஆண்கள் தண்டைத் தட்டுவார்கள். பெண்கள் வளையத்தை. வளையச் சத்தம் கேட்டால் வீட்டுப் பெண்தான் போய்த் திறக்க வேண்டும். ஆண்கள் போகக் கூடாது."

எங்கள் வீட்டு பெல்லை விட இது கெட்டித்தனம் என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. வேலை முடிந்ததும் பூட்டச் சொல்லிச் சாவியைத் தந்துவிட்டுப் போனார்.

மாலை ஆறேகால். இங்கே யூன் குளிர்காலம் என்பதால் வெளியே கும்மிருட்டு. மழை வேறு. நான் ஏணியில் நின்று கடைசி விளக்கைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

ணங்...

மெல்லிய சத்தம். திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

ணங்... ணங்...

இறங்கிப் போய்க் கதவைச் சுற்றி வந்தேன். தண்டு அசையவில்லை. வளையம் மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன.

பார்த்துக்கொண்டு நிற்கும்போதே வளையம் தானாக உயர்ந்தது...

என் வேலை ஆயுதப் பெட்டியை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அங்கே ஒரு மடத்தனமான வேலை செய்தேன். எங்கள் ஆட்களுக்குப் "போறன்" என்று சொல்ல வாய் வராது. செத்த வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் வெளியேறுவோம். வெறும் மண்டபத்தைப் பார்த்து, பழக்க தோஷத்தில், "போட்டு வாறன்", போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தட்டுவது நின்றது.

ஸ்பிரிங்வேலில் உள்ள என் வீட்டுக்கு ஐந்து நிமிட தூரத்தில் போன் அடித்தது. மனைவி டொறத்தியின் நம்பர். பேசியது மகள் வினுஷா. அவளுக்கு ஏழு வயது.

"அப்பா, ஒரு கேர்ள் கதவைத் தட்டுறா."

"அம்மா எங்க?"

"குசினியில. அவவுக்குக் கேக்கேல்லையாம்."

போனுக்குள்ளால் எனக்குக் கேட்டது.

ணங்...



"அப்பா, ஷீ இஸ் கோல்ட், குளிருதாம். நீங்கள் வாறன் எண்டு சொன்னீங்களாம். திறக்கட்டா?"

"திறக்காத! பிள்ளை, திறக்காத!"

லைன் அறுந்தது.

எப்படிக் காரை ஓட்டினேன் என்று தெரியாது.

வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆள் நின்றால் மட்டும் எரிகிற விளக்கு. நானே பூட்டியது.

ஆள் இல்லை.

மழையில் படி முழுக்க ஈரம். கதவுக்கு நேரே மட்டும், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு சின்ன இடங்கள் காய்ந்திருந்தன.

குழந்தைப் பாத அளவு...

கதவு பூட்டியபடியே இருந்தது. உள்ளே வினுஷா தாழ்ப்பாளைப் பார்த்தபடி நின்றாள். அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். "என்னப்பா நடந்தது?" என்று டொறத்தி குசினி அடுப்படியில் இருந்து ஓடி வந்தாள். அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

காலையில் மெஹ்ரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். பிறகு, வெளியாட்களுக்குச் சொல்லாத கதை என்று தொடங்கினார்.

அவருடைய பாட்டனின் பாட்டன் காலம். பாலைவனக் குளிர் எலும்பைக் கடிக்கிற இரவு. வீட்டுப் பெரிய பெண்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். வழி தவறிய ஒரு சிறுமி வந்து வளையத்தைத் தட்டியிருக்கிறாள். வளையச் சத்தம் என்பதால் உள்ளே இருந்த ஆண்கள் எழும்பவில்லை. "இரு, வருகிறோம்" என்று ஒருவர் குரல் மட்டும் கொடுத்திருக்கிறார். விடிந்து பார்த்தபோது அவள் படியில் விறைத்துக் கிடந்தாள்.

"உங்கள் மகள் திறந்தாளா?" என்று மெஹ்ரி கேட்டார்.

"இல்லை. நான் விடவில்லை."

"அன்றைக்கும் வீட்டில் ஒரு சின்ன மகள் இருந்தாள். திறக்க ஓடினாள். அப்பா விடவில்லை." அவர் குரல் இறங்கியது. "அவள் கிழவியாகிச் சாகும்வரை அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டதாம்."

இது நடந்து ஐந்து மாதமாகிறது. வினுஷாவிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் ஒன்றும் கேட்கவில்லை. நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் கரண்டியை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை?" என்றேன்.

"நத்திங், அப்பா. நீங்கள் திறக்க வேண்டாம் எண்டு சொன்னீங்கள்தானே."

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.