சைரன் பாட்டு

தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கும் இசக்கிமுத்து, முன்பு 'பேய்ச்சாரல்' என்ற ராக் குழுவில் கீபோர்டு வாசித்தான். தவிலை எதிரொலிக்க விட்டு, கிட்டார் பதிவைப் பின்னோக்கி ஓட்டி, கேட்கிறவனுக்குத் தலை சுற்றுகிற சங்கீதம். ஒரு கல்யாண வீட்டில் பாதியிலேயே கரண்ட்டைப் பிடுங்கிவிட்டார்கள். ஹிட் ஆனது ஒரே பாட்டுதான்: குற்றாலத்தில் வெள்ளம் வந்தால் அலறும் சைரனைப் பதிவு செய்து அதன்மேல் கட்டியது. அந்த அலறலுக்கு ஊரே ஆடியது.

போன ஆடியில் குழுவின் பாடகன் குற்றாலநாதன் அருவியில் குளித்தான். கரையில் நின்ற இசக்கிமுத்து விளையாட்டாகத் தோளில் தொங்கிய ஸ்பீக்கரில் அந்தப் பாட்டைப் போட, எல்லோரும் அலறியடித்து ஓடினார்கள். குற்றாலநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். சற்று நேரத்தில் நிஜச் சைரன் ஒலித்தது.

"ஏலே, இது நெசம்! வெளிய வாலே!" என்று இசக்கிமுத்து கத்தினான்.

"மறுபடியும் பயங்காட்டுதியாலே?" என்று குற்றாலநாதன் கைகளை விரித்து ஆடினான். ஆடிக்கொண்டே வெள்ளத்தோடு போனான்.

உடலை எரித்த அன்றே இசக்கிமுத்து பாட்டை அழித்தான். ஊரார் போன்களில் இருந்ததை என்ன செய்ய முடியும்?

இந்தச் சீசனில் கடைக்கு ஈரத்தலையோடு இருவர் வந்தார்கள்.

"அண்ணாச்சி, தண்ணிக்குள்ள போனாலும் கெடாத ஸ்பீக்கர் இருக்கா? சைரன் பாட்டு போட்டுக் குளிக்கணும்."