அம்மா எடுத்த பிடி ராகி

எனக்கு அப்போது எட்டு வயது. ஓசூர் நமக்கா மைசூருக்கா என்று பெரியவர்கள் கூடிய இடத்திலெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். ஜவளகிரிக்குப் பக்கத்தில் காட்டோரமாக இருந்த எங்கள் ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பன்னிரண்டு. தமிழில் பாடிவிட்டு, கன்னடத்திலும் தெலுங்கிலும் சண்டை போட்டுக்கொள்ளும் சபை அது.

அந்த வருஷம் கதிர் முற்றிய சமயத்தில் யானைகள் இறங்கி எங்கள் ராகிக் கொல்லையைத் துவைத்துவிட்டுப் போயின. அப்பா சுரங்க வேலை தேடிக் கோலார் பக்கம் போனார். போனவரிடமிருந்து ஒரு கடுதாசிகூட இல்லை. வீட்டில் அம்மா, தம்பி, நான். மூன்று வீடு தள்ளி அப்பாவின் அண்ணி, எங்கள் பெரியம்மா, பரண் நிறைய ராகியோடு இருந்தார். கொல்லையைப் பாகம் பிரித்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. பட்டினி கிடந்தாலும் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். சொன்னபடியே பட்டினியும் கிடந்தாள்.

சபையில் பிடி ராகி என்று ஒரு வழக்கம் உண்டு. ராகி அரைக்க உட்காரும்போதெல்லாம் ஒரு பிடியை ஆண்டவருக்கென்று ஒரு துணிப்பையில் போட்டுவைக்க வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஒவ்வொருவராகப் பையோடு கோயிலின் மூலையில் தொங்கிய திரைக்குப் பின்னால் போவார்கள். அங்கே ராகி கொட்டிவைக்க ஒரு மண் குதிர். பிள்ளைகள் திரையைத் தொடக்கூடாது. அந்த ராகி ஏழைகளுக்கு என்றார்கள். ஏழைகள் வேறு ஏதோ ஊரில் இருப்பவர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது, எதையும் நோண்டாமல் விடவும் முடியாது. கோயிலுக்குப் போகும்போது பையைத் தூக்குவது நான். திரும்பும்போது மட்டும் அம்மா தரமாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வழியில் வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். போகும்போது ஒன்றுமே இல்லாததுபோல் இருந்த பை, வரும்போது கனத்தது. அன்று வீட்டில் களி கிளறினாள். தம்பி மூன்று உருண்டை தின்றான். எனக்குத்தான் இறங்கவில்லை.

காரணம், காணிக்கையில் கைவைத்தவர்கள் நின்ற இடத்திலேயே விழுந்து செத்துப்போவார்கள் என்று சபையை நடத்திவந்த உபதேசியார் ஞாயிறு பள்ளியில் சொல்லியிருந்தார். அப்பாவையும் காணோம், அம்மாவும் போய்விட்டால் நானும் தம்பியும் என்ன செய்வது? அந்த வாரம் முழுக்க அவள் காலைச் சுற்றிக்கொண்டே திரிந்தேன். தண்ணீர் சேந்தக் குனிந்தால் நிமிர்கிறாளா என்று பார்ப்பேன். நிமிர்ந்ததும் மூச்சு வரும். மறுபடி குனிவாள், மறுபடி ஓடிப்போய் முகத்தைப் பார்ப்பேன். ஒரே இடத்தில் நில்லேன் என்று அவள் இரண்டு முறை முதுகில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வந்தது. பிரசங்கம் முடிந்து, யாராவது வாய்விட்டு ஜெபிக்கலாம் என்று உபதேசியார் சொன்னார். வழக்கமாகப் பெரியவர்கள்தான் ஜெபிப்பார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“ஆண்டவரே, எங்கம்மா பிடி ராகியிலிருந்து எடுத்துக்கினு வருது. தெரியாம பண்ணுது. அது செத்துப்போவக் கூடாது. ஆமென்.”

திரும்ப ஒரு ஆமென் வரவில்லை. அம்மா முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கை என் பக்கமே வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

எடுத்துக்கொள்ள யாருக்கும் தடையில்லை என்பது எனக்குத் தெரியாது. திரை கட்டியதே அதற்குத்தான். போடுகிறவளும் எடுக்கிறவளும் ஒன்றுபோலப் போய் ஒன்றுபோலத் திரும்பவேண்டும், யார் எது செய்தாள் என்று கேட்கக் கூடாது. பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்லவில்லை. சபை என்னைப்போல் பிள்ளைப்பூச்சி ஒன்றை மடியில் வளர்க்கிறது என்று அவர்களுக்கும் தெரியாதே.

ஆராதனை முடிந்தது. பெண்கள் யாரும் எழவில்லை. அம்மா பையை மடியில் போட்டு முழங்கையால் மூடிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். இனி அவள் அந்தத் திரைப்பக்கம் போகப்போவதில்லை என்று எனக்கே விளங்கியது. முதலில் எழுந்தது பெரியம்மா. விறுவிறுவென்று திரைக்குள் போனார். வெளியே வந்தபோது பை உப்பியிருந்தது. அதை மறைக்காமல், எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“எங்கூட்லயும் ராகி இல்ல. எடுத்துக்கினேன்” என்றார்.

அவர் வீட்டுப் பரண் ராகியின் பாரத்தில் வளைந்திருந்தது ஊருக்கே தெரியும். அடுத்து உபதேசியார் மனைவி போனார், அவர் பையும் உப்பி வந்தது. பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து, வரிசையாகப் பதினோரு பேரும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கடைசியில் பெரியம்மா அம்மாவின் முன்னால் வந்து நின்றார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவளிடம் பேசினார்.

“ஒம் பங்கு அப்படியே இருக்குது. போய் எடுத்துக்க.”

அம்மா எழுந்து போனாள்.

என் நிலைமைதான் மோசமாகிவிட்டது. ஒரு திருடிக்காக ஜெபித்தவள் நான், இப்போது பன்னிரண்டு பேர். அந்த வாரம் வீடு வீடாக ஓடி, எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். ஒருத்தியும் சாகவில்லை. ஆண்டவர் இந்த ஊரைக் கவனிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் அப்பா வந்து சேர்ந்தார், இருமலும் ஒரு மூட்டையுமாக. அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, நடந்த திருட்டு முழுவதையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

“அண்ணியுமா எடுத்தாங்க?” என்றார்.

மொத ஆளே அதுதான் என்றேன். அப்பா கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு நடந்தார். இன்றைக்கு நல்ல வசவு இருக்கிறது என்று நானும் பின்னாலேயே ஓடினேன். வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். அப்பா அவர் முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினார். பெரியம்மா முறத்தை வைத்துவிட்டு, உள்ளே வந்து சாப்பிடச் சொன்னார். அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்காமல், திருடினவளையே கும்பிட்டு, அவள் வீட்டுக் களியையும் தின்கிற அப்பா ஒரு பயந்தாங்கொள்ளி என்று அன்றைக்கு முடிவுகட்டிவிட்டேன்.