மைசூரில் லால் பாஷா வாங்கிய பட்டு

ஓசூர் பக்கம் மூக்கண்டப்பள்ளியில் மெத்தைக்கடை வைத்திருக்கும் லால் பாஷாவுக்கு நாலு மொழியில் விலை பேசத் தெரியும். ரகசியம் பேச ஒரு மொழியிலும் தெரியாது. ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் கிரெடிட் கார்டைக் கல்லாவில் வீசிவிட்டுக் கை கழுவப் போவார். அதில் ஒரு மிடுக்கு இருப்பதாக அவருக்கு எண்ணம்.

2018இல் வங்கி சிப் வைத்த புதுக் கார்டு அனுப்பியது. பழைய கார்டின் கறுப்புப் பட்டையைச் சுலபமாக நகல் எடுத்துவிடுவார்கள், புதியதில் அது நடக்காது, பின் நம்பரும் உண்டு என்று வங்கி அதிகாரி அருணா போனில் விளக்கினார். நம்பரை மனப்பாடம் செய்ய நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா என்று பாஷா அதை உறையோடு பீரோவில் போட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை பிரியாணியில் கை வைத்திருந்தபோது போன் சிணுங்கியது. வங்கியின் குறுஞ்செய்தி. மனைவி சுக்ரா எடுத்துப் படித்தார். பாஷாவின் கார்டு மைசூரில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் தேய்க்கப்பட்டிருந்தது. சற்று நேரத்தில் அதே ஊரில் ஒரு பியூட்டி பார்லரில்.

"மைசூர்ல யாருங்க இருக்கறது?" என்று சுக்ரா நிதானமாகக் கேட்டார்.

கார்டு சட்டைப்பையிலேயே இருக்கிறது என்று பாஷா எடுத்துக் காட்டினார். அப்படியானால் இரண்டாவது கார்டு யாரிடம் இருக்கிறது என்பதுதான் சுக்ராவின் கேள்வியே. பிரியாணி ஆறிப்போனது.

வங்கியில் சுக்ரா சுற்றி வளைக்கவில்லை. "மேடம், இவருக்கு இன்னொரு குடும்பம் இருக்குதா இல்லையா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அருணா முதலில் கார்டை முடக்கினார். பிறகு, எங்கோ யாரோ பட்டையை நகல் எடுத்துப் போலிக் கார்டு செய்திருக்கிறார்கள், கடை ரசீதில் இவர் கையெழுத்தையும் கிறுக்கிவிட்டார்கள் என்று விளக்கினார்.

"அப்ப ரெண்டாவதா இருக்கறது கார்டு மட்டுந்தானா?"

"கார்டு மட்டுந்தாங்க."

பாஷா மூச்சுவிட்டார். ஆனால் வெளியே வந்ததும் சுக்ராவுக்கு வேறொன்று உறைத்தது. "திருடனுக்குக்கூட உங்க கார்டுல பட்டு எடுக்கணும்னு தோணியிருக்குது. உங்களுக்குத் தோணலியே."

பறிபோன பணத்தை வங்கி பிற்பாடு திருப்பிக் கொடுத்தது. அதற்குள் புதுக் கார்டு உறை பிரிந்து, நேராக ஓசூர் புடவைக் கடைக்குப் போயிருந்தது. பாஷா மிஷினைக் கைக்குட்டையால் மூடி, கடைக்காரரைத் திரும்பி நிற்கச் சொல்லி, இரண்டு முறை தப்பாக அழுத்தினார். மூன்றாவது முறை சுக்ரா மிஷினை வாங்கிச் சரியாக அழுத்தினார்.

அன்றே சுக்ரா பின் நம்பரை மாற்றியும்விட்டார். அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது வங்கியின் கட்டளை. லால் பாஷாவிடம்கூட அவர் சொல்வதில்லை.