சொதி நிறத்தில் இருபத்தொரு சேலை

ஜன்னல் கட்டையில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு காய்ந்துகொண்டிருந்தது. அதன் விளிம்பில் மீன் குழம்பு ஒரு தீற்றல், பீட்ரூட் பொரியல் ஒரு தீற்றல், புதினாத் துவையல் ஒரு தீற்றல். யாரோ சாப்பிட்டுவிட்டு மறந்துபோய் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து எடுத்துக் கழுவிவிட்டேன். வீட்டில் நானாக ஒரு பாத்திரம் கழுவியது அநேகமாக அதுதான் முதல் தடவை. பாராட்டை எதிர்பார்த்துத் திரும்பினால், மைனி இடுப்பில் கை வைத்து நிற்கிறார். "ஏன் தம்பி கழுவுனீக? ரெண்டு நாளா காய வச்சிருக்கேன்லா! ஈரத்துல தெரியுதது நெறமே இல்ல. காஞ்ச பெறவு நிக்குது பாருங்க, அதுதான் நெறம்." எனக்குச் சிரிப்பு வந்தது. தென்காசியில் கல்யாணப் பத்திரிகையும் விளம்பரப் பலகையும் வடிவமைத்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவன் நான். கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கான நிறங்களைச் சொடுக்கி எடுக்கிற எனக்கு, எச்சில் தட்டு பாடம் நடத்துவதா என்றிருந்தது.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணன் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். வாரத்துக்கு இரண்டு முறை காய்ந்த தட்டின் புகைப்படம் அவருக்குப் போகும்; அவரும் பொறுமையாக, "வீட்ல பாத்திரம் வெளக்க ஆள் இல்லையா?" என்று கேட்பார். எங்கள் வீட்டின் பின்கட்டில் நான்கு தறிகள் ஓடுகின்றன. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அத்தாவுக்குப் பிறகு அவற்றைப் பார்த்துக்கொள்பவர் அத்தாவின் தம்பி, எங்கள் சாச்சா. சிவப்பில் கறுப்புக் கட்டம், நீலத்தில் வெள்ளைக் கட்டம், பச்சையில் மஞ்சள் கட்டம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த மூன்று கட்டங்கள்தான். நான் ஒரு முறை புது வடிவம் போட்டுக் கொடுத்தேன். சாச்சா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பத்திரிகைக்கு நல்லாருக்கும்லே" என்று திருப்பித் தந்துவிட்டார். ஆக, அந்தப் பின்கட்டில் வடிவம் சொல்வது சாச்சாவின் உரிமை. அதில் தலையிடத் துணிந்தவர் மைனி மட்டுமே.

வரையத் தெரியாது அவருக்கு. ஒரு கோடு நேராக இழுக்க வராது. ஆனால் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு பஸ் ஏறிப் போய், ஒன்றும் வாங்காமல், கத்தரிக்காய்க் குவியல் முன்னால் கால் மணி நேரம் நிற்பார். மூட்டை இறக்குபவர் பொறுமை இழந்து, "யக்கா, வாங்குதீகளா, இல்ல கத்தரிக்காய்க்கு மாப்பிள பாக்க வந்தீகளா?" என்று கேட்டதைக் கூட வந்த நானே காதால் கேட்டேன். மைனி அசரவில்லை. காம்பின் பச்சை ஊதாவோடு சேருகிற இடத்தில் ஒரு வெள்ளை வளையம் ஓடுகிறதே, அது இல்லாவிட்டால் இரண்டு நிறமும் அடித்துக்கொள்ளும் என்றார். அன்று வீட்டுக்கு வந்து உரித்துப் பார்த்தேன். வளையம் இருந்தது. நாற்பது வருடமாகக் கத்தரிக்காய் தின்கிறேன், பார்த்ததில்லை.

செங்கோட்டை சாலையில் எங்களுக்கு நூல் சாயம் போட்டுத் தரும் அண்ணாச்சிக்கும் மைனிக்கும் ஒரு தனி வழக்கம் உண்டு. மைனி நிறத்துக்கு எண் சொல்ல மாட்டார், அட்டை காட்ட மாட்டார். சமைத்ததைச் சின்னத் தூக்குச் சட்டியில் கொடுத்துவிடுவார். அண்ணாச்சி பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியைப் பார்த்துச் சாயம் கலக்குவார். எங்கள் வீட்டில் குழம்பை ஆணம் என்போம். அந்தக் கத்தரிக்காய் ஆணத்தின் நிறத்தில் அவர் போட்டுக் கொடுத்த ஒரு கழி நூலைப் பார்த்து நான் எச்சில் விழுங்கியது உண்மை. நோன்புக் கஞ்சி நிறம், மாங்காய்ப் பச்சடி நிறம் என்று அப்படியே ஏழெட்டு நிறங்கள் சேர்ந்தன. தறியில் ஏறவில்லை, அலமாரியில் இருந்தன. சாச்சா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்.

மகள் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க, குற்றாலத்திலிருந்து ஓர் அம்மா என் கடைக்கு வந்திருந்தார். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மைனி, கையோடு இரண்டு கழி நூலும் வைத்திருந்தார். அந்த அம்மா நூலைத் தொட்டுப் பார்த்தார், பேச்சு வளர்ந்தது. சைவ வேளாளர் வீடு. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு மறுவீட்டு விருந்து வைப்பார்கள். அந்த விருந்துக்குச் சொதிதான் ராஜா. பாசிப்பருப்பும் காய்களும் தேங்காய்ப் பாலில் வெந்து வருகிற குழம்பு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அன்று பரிமாறுகிற தன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி சேலை கட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. "சொதி நெறத்துலயே நெய்துரலாமே" என்று மைனி சொன்னதும், இருபத்தொரு சேலை என்று முடிவாகிவிட்டது.

சாச்சாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சரிம்மா. இருபத்தொண்ணும் அந்த வீட்டுக்காரவுக மெச்சுத மாதிரி வந்துட்டா, இனிமே தறிக்கு வடிவம் நீ சொல்லு, நான் கேக்கேன். வரலன்னா, பழைய கட்டம். பெறவு அடுப்படிய இங்கன கொண்டு வரப்படாது" என்றார். மைனி தலையாட்டினார். நான் 'பத்திரிகைக்கு நல்லாருக்கும்' என்ற ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு ஒதுங்கிப் போனவன். அவர் அதே வாசலில் நின்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்.

குற்றாலத்து வீட்டுக்கு நானும் மைனியும் போனோம். ஆனி மாதச் சாரல், ஐந்தருவிச் சாலை முழுக்க நனைந்து கிடந்தது. அந்த அம்மா எங்களுக்காகவே சொதி வைத்திருந்தார். மைனி இலையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை. புது யானைத் தந்தம் மாதிரி ஒரு நிறம். நடுவில் பீன்ஸின் பச்சை, காரட்டின் ஒரு துணுக்கு, ஓரத்தில் இஞ்சிப் பச்சடியின் கரும் பழுப்பு. நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். மைனி சாப்பிட்டதைவிடப் பார்த்ததுதான் அதிகம். உடல் சொதி நிறம், கரை வாழை இலைப் பச்சை, கரைக்குள் மெல்லிசாய் ஓர் இஞ்சிப் பச்சடிக் கோடு என்று கை கழுவும் முன்பே வடிவம் தயாராகிவிட்டது. அதை நான் கம்ப்யூட்டரில் படமாக்கி அந்த அம்மாவுக்குக் காட்டினேன்.

தப்பு நடந்தது அதற்குப் பிறகு. அந்தச் சொதி மைனி சமைத்தது இல்லை. தூக்குச் சட்டியில் கொடுத்துவிட ஒன்றும் இல்லை. போனில் சொன்னார். அண்ணாச்சியோ, "சொதிதானே? எனக்குத் தெரியாதா? எங்க வீட்லயும் வைக்கத்தானே செய்யுதாக!" என்று போனை வைத்துவிட்டார். ஐந்தாம் நாள் நூல் வந்தது. மூட்டையைப் பிரித்தால், சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்தைச் சுருட்டிக் கட்டியதுபோல் பளீரென்று மஞ்சள். கல்யாணத்துக்குப் பதினான்கு நாள் இருந்தது. அந்தச் சாரலில் புதுச் சாயம் போட்டால் நூல் காயவே ஐந்தாறு நாள் போய்விடும். நெய்ய நாள் இருக்காது. நல்ல வேளையாக சாச்சா அன்று ஊரில் இல்லை.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நான் கொடுத்த யோசனை கேவலமானது. அந்த அம்மாவுக்கு நாம் காட்டிய படத்தை மாற்றி, மஞ்சளாகவே அச்சடித்து, ஆரம்பத்திலிருந்தே இதுதான் என்று சாதித்துவிடலாம் என்றேன். மங்கலமான நிறம்தானே, யார் கேட்கப்போகிறார்கள்? மைனி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "காலங்காலமா வாயில வைக்கிறவுக தம்பி அவுக. கண்டுபிடிச்சிருவாக. கண்டுபிடிக்காட்டாலும் எனக்குத் தெரியும்லா?" என்றார். அண்ணாச்சியைத் திட்டுவார், நாமும் கூடச் சேர்ந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று வண்டியை எடுத்தேன். அவர் திட்டப் போகவில்லை, சாப்பிடப் போனார். அண்ணாச்சியின் மனைவியிடம், "யக்கா, உங்க வீட்டுச் சொதி ஒரு கரண்டி வேணும்" என்று கேட்டு, வைக்கச் சொல்லிக் காத்திருந்தார். அந்த அக்கா பிறந்தது செங்கோட்டைக்கு மேற்கே, கேரளப் பக்கம். அவர் கைப் பழக்கம், சொதியில் மஞ்சள்தூள் தாராளமாக விழுந்தது. மைனி ஒரு இழை நூலைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தார். அச்சு அசல் அதே நிறம். நூல் குழம்போடு கலந்து காணாமல் போனது.

"அண்ணாச்சி ஒரு தப்பும் பண்ணல. யாரு வீட்டுச் சொதின்னு சொல்லாதது நாந்தான்" என்றார் மைனி. அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. பழியை நீங்க ஏத்துக்க வேண்டாம் என்று அவர் கையைப் பிசைந்துகொண்டிருக்க, எங்களுக்குச் சாப்பாடு போட அடுப்பில் இரண்டாம் ஈடு சொதி ஏறியிருந்தது. அந்த அக்கா மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காயை வேகவிட்டு, கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றினார். மஞ்சள் ஒரு நொடி கண்ணுக்கு முன்னால் வெளிறி, பிறகு மேலே மெல்லப் படர்ந்தது. மைனி எழுந்து நின்றுவிட்டார். "பால் பத்தல யக்கா, இன்னும் ஊத்துங்க" என்றார். தன் வீட்டுச் சொதியில் பால் குறைவு என்று சொல்ல வந்துவிட்டாரே என்று அந்த அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஊற்றினார். மைனி இன்னும் ஊற்றச் சொன்னார். சட்டியில் குற்றாலத்து நிறம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தறிக்காரரிடம் மைனி சொன்னது இவ்வளவுதான்: கரை போக, பாவு முழுக்க அந்த மஞ்சளே இருக்கட்டும், ஊடைக்குச் சாயமே போடாத வெள்ளை நூலைப் போடுங்கள். நீளவாக்கில் ஓடும் மஞ்சளைக் குறுக்கே ஓடும் வெள்ளை ஒவ்வோர் இழையாகத் தணிக்கும். தேங்காய்ப் பால் ஊற்றுவதுபோலத்தான். ஒரு சாண் நெய்து பார்த்தபோது நான் வாயைப் பிளந்தேன். கிட்டத்தில் மஞ்சளும் வெள்ளையும் தனித்தனியாக மினுங்கின. இரண்டடி தள்ளி நின்றால் தந்தம். மடிப்பில் மஞ்சள், விரிப்பில் வெண்மை. என் கம்ப்யூட்டரில் இருக்கும் எந்த நிறமும் இப்படி நடந்துகொள்ளாது. இதற்குப் பிறகு மைனியை நான் கிண்டல் செய்யவில்லை என்றால் அது பொய். ஆனால் அந்தக் கிண்டலுக்குள் இருந்த பெரிய மனுஷத்தனம் அன்றோடு போய்விட்டது.

அந்த ஒரு சாண் துணியோடு மறுநாளே குற்றாலம் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் அந்த அம்மாவிடம் சொன்னார் மைனி. பிடிக்கவில்லை என்றால் வேறு இடத்தில் சேலை எடுக்க நாள் இருக்கிறது என்பதையும் அவரே சொன்னார். அந்த அம்மா துணியை வாசல் வெளிச்சத்தில் பிடித்தார், உள்ளே கொண்டுபோனார், திரும்ப வெளியே வந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க வீட்டுச் சொதிதானான்னு எனக்கு இப்ப சொல்லத் தெரியலயேம்மா. கட்டி நின்னாத்தான் தெரியும். நெய்யுங்க" என்றார். அது சம்மதமா, சந்தேகமா என்று தெரியாமலே திரும்பினோம். வெளியூரிலிருந்து திரும்பிய சாச்சா மஞ்சள் பாவைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பதினோரு நாளும் மைனி வழக்கத்தைவிட மோசமாகச் சமைத்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். உப்பு கூடும், இல்லையென்றால் உப்பே இருக்காது.

மறுவீட்டு விருந்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். இருபத்தொரு பெண்களும் அந்தச் சேலையில் பந்தியில் போவதும் வருவதுமாக இருந்தார்கள். எல்லோரும் அழகு என்றார்கள். கல்யாண வீட்டில் எதையும் அழகு என்றுதான் சொல்வார்கள் என்பது மைனிக்கும் தெரியும். அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு எதிர் வரிசையில் பெண்ணின் சித்தி வாளியோடு குனிந்தார். பக்கத்தில் ஒரு குழந்தை இழுக்க, ஒரு கரண்டி சொதி அப்படியே அவர் மடியில் கொட்டியது. "ஐயோ, புதுச் சேலை!" என்று நாலு பேர் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். சித்தி கொசுவத்தை விரித்துப் பார்த்தார், முந்தானையை உதறிப் பார்த்தார். "எங்கனட்டி பட்டுச்சு? காங்கலயே!" என்றார். குனிந்த நாலு பேருக்கும் தெரியவில்லை. பெண்ணின் அம்மா வந்து, கண்ணால் தேடுவதை விட்டுவிட்டு, உள்ளங்கையால் தடவி, ஈரத்தை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்தார். கையை எடுக்காமலே நிமிர்ந்து, இலைகளுக்கு அப்பால் இருந்த மைனியைப் பார்த்தார். "எங்க வீட்டுதுதாம்மா" என்றார். மைனிக்குக் கண் நிறைந்து வழிந்தது. என்ன மைனி என்றால், இஞ்சிப் பச்சடி காரம் என்றார்.

வீட்டுக்கு வந்து சாச்சாவிடம் நான்தான் சொன்னேன், கொஞ்சம் கை கால் வைத்தே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். இன்று எங்கள் நான்கு தறியிலும் மைனி சொன்ன வடிவங்கள்தான் ஓடுகின்றன. பழைய மூன்று கட்டமும் கேட்பவர்களுக்கு இருக்கிறது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது விருந்துக்கு மறுநாள் காலை. சமையற்கட்டுக்குள் ஒருநாளும் எட்டிப் பார்க்காத மனிதர், அதன் நிலைப்படி வரை வந்து, உள்ளே வராமல் நின்று, தொண்டையைச் செருமினார். அடுத்த பாவு ஓட்ட வேண்டும், நூல் எடுக்க வேண்டும். மைனி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"இன்னைக்கு என்னம்மா ஆணம்?" என்று கேட்டார் சாச்சா.