மூட்டைகளை இறக்காமல் ஒட்டிய தகடு

எண்பதுகளில் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு துணிக்கடையில், மேல்மாடியைத் தாங்கும் கான்கிரீட் பீம் விரிசல் விட்டது. மாடி முழுக்கத் துணி மூட்டைகள். பீமின் அடியில் எஃகுத் தகட்டை எபாக்சி பசையால் ஒட்டிப் பலப்படுத்தலாம் என்று சொன்ன எஞ்சினியர் நான்.

ஒட்டுமுன் பாரத்தை இறக்கி, முட்டுக் கொடுத்து, தொய்ந்த பீமை நிமிர்த்த வேண்டும். பாரத்தோடு ஒட்டினால், ஏற்கெனவே இருக்கிற சுமையில் தகடு எதையும் தாங்காது. பிறகு ஏறுவதில்தான் பங்கெடுக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

"தீபாவளிச் சரக்கு, தம்பி. எங்க கொண்டுபோய் வைக்கிறது, ரோட்டுலயா?" என்றார் முதலாளி. அவருக்கு இன்னும் இரண்டு கட்டட வேலைகள் இருந்தன. அவை எனக்கு வேண்டும். "பரவாயில்ல, அப்படியே ஒட்டிடலாம்" என்றேன்.

ஒட்டியவர் பூன் லேயிலிருந்து வந்த ஒரு தமிழ்க் கான்ட்ராக்டர். கான்கிரீட்டைக் கிரைண்டரால் சுரண்டி, தூசியை ஊதி, கவனமாகச் செய்தார். "கடையே விழுந்தாலும் தகடு விழாது லா, சார்!" என்று சிரித்தார்.

தீபாவளி நெருங்க நெருங்க மூட்டைகள் ஏறின. பழைய பாரம் முழுவதையும் தனியே சுமந்திருந்த பீம் மேலும் தொய்ந்து, தகட்டின் ஓரம் பெயர்ந்து தொங்கியது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை.

"பசைன்னு மைதா மாவைக் கரைச்சு ஊத்துனியா?" என்று முதலாளி கான்ட்ராக்டரைப் பிடித்துக்கொண்டார். அவர் என்னைப் பார்த்தார். "கான்கிரீட்டுல ஈரம் இருந்திருக்கும், பசை பிடிக்கல" என்றேன்.

வேறொருவரை வைத்து மறுபடி ஒட்டினோம். இம்முறை மூட்டைகளை இறக்கச் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மற்ற இரண்டு வேலைகளும் எனக்குக் கிடைத்தன. முதலில் ஒட்டியவரை மட்டும் அந்தத் தெருவில் அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை.

சில வருடம் கழித்துத் தேக்கா சந்தையில் அவரைப் பார்த்தேன். சாங்கி விமான நிலையத்தில் கார்கோ வேலைக்குப் போய்விட்டாராம். குசலம் விசாரித்துவிட்டு, அவரே அந்தப் பேச்சை எடுத்தார்.

"நல்லாத்தான் சுரண்டுனேன் சார். பசையும் அளந்துதான் கலந்தேன். எங்க விட்டேன்னு இன்னும் புரியல."

சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாருமில்லை, எனக்கு எந்த நட்டமும் வந்திருக்காது.

"அந்த வாரம் மழை பெஞ்சுதில்லையா? ஈரந்தான்" என்றேன்.

"ஆமா சார், ஃபேன் போட்டுக் காய வச்சிருக்கணும். என் தப்புதான். உங்களுக்கும் கெட்ட பேரு" என்றார்.

நான் தலையாட்டினேன்.